மாநாட்டில் என் தம்பி கேட்ட கேள்வி

1

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொன்னதைத் திருத்த வேண்டாம்.

பாரீசுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஓர் ஊரில் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தின் தயவில் என் வீட்டுக்காரர் இங்கே வந்து கார் கம்பெனியில் சேர்ந்தார். நான்கு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே வந்தேன். அவர் இப்போது இல்லை. மகள் செல்வியோடு இருக்கிறேன். செல்வி கினே வேலை பார்க்கிறாள். கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு இங்கே அதுதான் பேர். முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரி அவளுடையது.

காலையில் பேத்தி நிலாவைத் தள்ளுவண்டியில் வைத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, வரும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு வருவேன். அந்த ரொட்டிக்காரியோடு பேசுவதுதான் ஒரு நாளைக்கு நான் பேசுகிற பிரெஞ்சு. போன வாரம் அப்படி வந்தபோது செல்விக்கு ஒரு தபால் வந்து கிடந்தது. முதுகெலும்பு டாக்டர்கள் வருஷா வருஷம் கூடுகிற மாநாட்டுக்கு அழைப்பு.

"நீயும் வர்றியாம்மா?" என்று கேட்டாள்.

போன தடவை மாநாட்டுக்குப் போய்த்தான் என் தம்பியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதை எழுதலாம் என்று தோன்றியது. ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குறிப்பாக, எனக்குச் சொல்லாமல் இருந்தவர்கள்.

2

போன தடவை மாநாடு லியோன் பட்டணத்தில் நடந்தது. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். நிலா அப்போது எட்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மறக்கவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, செல்வி போகாமல் இருக்கவும் முடியாது. அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். கல்யாண மண்டபத்தைப் போல நாலு பங்கு பெரிய கூடம். வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் நாடா கட்டிய அட்டையை மாட்டிவிட்டாள். செல்வி படித்துச் சொன்னாள், ‘விருந்தாளி’ என்று எழுதியிருக்கிறதாம். நன்றாகத்தான் இருந்தது. நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பி குடிக்கிற இடத்தில் நரைத்த தலை டாக்டர் ஒருவர் நிலாவைக் கொஞ்சினார். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று நானும் மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். செல்வியின் முகம் சிவந்துவிட்டது. பிரெஞ்சில் பெரியவர்களுக்கு ‘வூ’ சொல்ல வேண்டும். நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டதே என் மகள் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளோடு பேசியதைக் கேட்டுத்தான். அதனால் எனக்கு வருவது ‘தூ’ மட்டும்தான். அவர்தான் இந்த நாட்டிலேயே பெரிய முதுகெலும்பு டாக்டராம். அவரைப் போய் ‘நீ’ என்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினார்.

கடைசி வரிசையில் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேடையில் டாக்டர்கள் மட்டும் இல்லை, அடிபட்டவர்களும் சக்கர நாற்காலியில் சரிசமமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். குதிரையிலிருந்து விழுந்தவளாம். மைக்கில் நன்றாகப் பேசினாள். பேசும்போது அடிக்கடி இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, உடம்பை ஒரு சாண் மேலே தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி, மறுபடி இறக்கினாள். வெயிலில் நின்ற பஸ்ஸில் சீட்டு சுட்டால் நாம் எழும்பி எழும்பி உட்காருவோமே, அதுபோல இருந்தது. பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

செல்வி பக்கத்தில் வந்தபோது கேட்டேன். "இன்னாத்துக்குடி அந்தம்மா எழுந்துக்க எழுந்துக்கப் பாக்குது? உக்கார முடியலையா?"

"எழுந்துக்கப் பாக்கலம்மா. அவங்களுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. நமக்கு ஒரே மாதிரி உக்காந்தா வலிக்கும், நாம அசைவோம். அவங்களுக்கு வலி வராது. வலிக்கலேன்னு அசையாம இருந்தா தோலு செத்துப்போயி புண்ணு வந்துடும். அதனால கைதான் ஞாபகம் வச்சு உடம்பைத் தூக்கணும். நாங்க முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதுதான்."

வலி இல்லை என்றால் சுகம் என்று அன்று வரைக்கும் நினைத்திருந்தேன்.

3

என் தம்பி பேர் ஏழுமலை. பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிறான். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவனுக்கு நான் அக்காவும்தான், அம்மாவும்தான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஊருக்குப் போகும்போது சென்னை விமான நிலையத்துக்கு வேன் வைத்துக்கொண்டு வந்து நிற்பான். எத்தனை ஜனம் நின்றாலும் அவன் தலைதான் எனக்கு முதலில் தெரியும், அவ்வளவு உயரம்.

லியோனுக்கு முந்தைய இரண்டு வருஷமாக மட்டும் ஊருக்கு வருகிறேன் என்றாலே ஏதாவது சொன்னான். மழை என்றான், வீட்டுக்குத் தளம் போடுகிறோம், தங்க இடமில்லை என்றான். நானும் சரி என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசினோம். கட்டிலில் உட்கார்ந்து போனை எங்கேயோ சாய்த்துவைத்துக்கொண்டு பேசுவான். முகமும் மார்பும் தெரியும்.

லியோனிலிருந்து திரும்பி வந்த அடுத்த ஞாயிறு.

"இன்னாக்கா, பேத்தி தூங்குதா?"

"தூங்குது. நீ இன்னாடா, எப்பப் பாத்தாலும் வூட்டுக்குள்ள சட்டையோட உக்காந்துனுக்கீற? வெறும் ஒடம்போட திரிஞ்ச ஆளு."

"பிரான்சுலேர்ந்து போன் வருதுல்ல. மரியாத குடுக்க வேணாமா?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கரும்பு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை, கரும்பு பூத்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி உடம்பைத் தூக்கினான். கொஞ்சம் நிறுத்தினான். இறக்கினான். பேச்சு நிற்கவில்லை.

எனக்குப் பேச்சு காதில் விழவில்லை. இன்னொரு தடவை செய்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செய்தான். அந்தக் குதிரைக்காரி செய்த அதே மாதிரி.

"தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லு. உன்ன முழுசாப் பாக்கணும்."

"இன்னா திடீர்னு? நான் இன்னா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா?"

"எழுந்து நில்லுடா."

"காலு மரத்துக் கெடக்குதுக்கா. அப்புறமா…"

"எத்தினி நாளா மரத்துக் கெடக்குது?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன் சாய்ந்து விழுந்தது. மேலே சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் பெண்சாதி அஞ்சலையின் குரல் வந்தது.

"அண்ணி, வேணும்னு செய்யல அண்ணி. அவருதான் சத்தியம் வாங்கிக்கினாரு."

லாரியில் கரும்பு ஏற்றி, மேலே நின்று கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறான். கயிறு அறுந்துவிட்டது. மல்லாக்க வரப்பின் மேல் விழுந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் போய் அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ‘அக்கா இதையும் தாங்காது. வருஷம் திரும்பட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்’ என்றானாம். வருஷம் திரும்பியது. இனிமேல் எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

கடல் கடந்து இருப்பவளுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமியார் போனதைக் கருமாதி முடிந்துதான் சொன்னார்கள். இங்கிருக்கிற நாங்களும் ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபிறகுதான் ஊருக்குச் சொல்வோம். ஆனால் இது அப்படி இல்லை. என் தம்பி வீட்டு மாங்காய் ஊறுகாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த பங்காளி, இதே சோபாவில் உட்கார்ந்து, ‘ஏழுமலைக்கு இன்னா, ராஜாவாட்டம் கீறான்’ என்று சொல்லிவிட்டு என் கையால் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஊர் மொத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது. கோயில் பூசாரிக்குத் தெரிந்திருக்கிறது. கூடப்பிறந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

எல்லாரும் என்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார்கள். எனக்கு அது புரிகிறது. புரிந்து என்ன? அவன் முதல் தடவையாகக் கண் திறந்து, காலைக் காணோமே என்று தேடியபோது நான் பக்கத்தில் இல்லை. அந்த நேரத்தை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

4

நிலாவின் காது குத்து பற்றி எனக்கும் செல்விக்கும் அதற்கு முன்னாலிருந்தே சண்டை.

"காது அவளோடதும்மா. பெரியவளாகி அவளே கேக்கட்டும்," என்பாள்.

"ஒங்காதும்தான் ஒன்னுது. உன்னக் கேட்டா குத்துனோம்?"

"அதான் சொல்றேன்."

இங்கே வளர்ந்த பிள்ளைகளோடு பேசி ஜெயிக்க முடியாது. நாம் தமிழில் கேட்டால் அவர்கள் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். பிரெஞ்சில் ‘இல்லை’ என்பது ரொம்பச் சின்னச் சொல், சட்டென்று முடிந்துவிடும்.

மாமாவின் விஷயம் தெரிந்த அன்று செல்வி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் இப்படிப்பட்டவர்களைத் தொட்டுத் தூக்குகிறவள், அன்றைக்கு விக்கி விக்கி அழுதது வெளியே எனக்குக் கேட்டது. வெளியே வந்து சொன்னாள். "ஊருக்குப் போலாம்மா. நிலாவுக்குக் காது குத்தலாம். மாமா மடியிலதான் குத்தணும்."

செல்விக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அதனால் அவளுடைய தாய்மாமனே அவள் பிள்ளைக்கும் மடி கொடுக்க வேண்டும். செல்விக்குக் காது குத்தியதும் ஏழுமலை மடியில்தான். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை.

போனில் சொன்னபோது அவன் ஒரே பிடியாக மறுத்தான்.

"வேணாங்கா. வேற யாரையாவது உக்கார வைங்க. என் காலு என் பேச்சக் கேக்கறதில்ல. சும்மா கெடக்கும், திடீர்னு துள்ளும். புள்ள அழுதாப் போதும், சத்தம் கேட்டாப் போதும், குதிர மாதிரி ஒதைக்கும். ஊசி காதுல இருக்கற நேரத்துல அது ஒதைச்சா? கொழந்த காது கிழிஞ்சிடும். இல்ல, கீழ விழுந்துடும். நான் உசுரோட இருக்கணுமா வேணாமா?"

நான் அசையவில்லை. டிக்கெட் வாங்கு என்று செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு இந்திய விசா வாங்கப் போன இடத்தில், அங்கே யார் வீட்டில் தங்குகிறீர்கள், என்ன உறவு என்று கேட்டார்கள். செல்வி ‘ஓன்க்ள்’ என்று எழுதினாள். இங்கே அப்பாவின் அண்ணனும் ஓன்க்ள், தம்பியும் ஓன்க்ள், அத்தை புருஷனும் ஓன்க்ள், மடி கொடுக்கிறவனும் ஓன்க்ள். அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. பின்னால் வரிசை நீளமாக நின்றது. வந்துவிட்டேன்.

5

சென்னையில் இறங்கினோம். அவன் தலை தெரியவில்லை. அங்கே நின்ற ஜனத்தில் என் கண் தன்பாட்டுக்குத் தேடிக்கொண்டே இருந்தது.

வீட்டு வாசற்படியை இடித்துச் சரிவாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். நடு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை. அவ்வளவு உயரமாக இருந்தவனைக் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று.

தெருவே கூடி நின்றது. நான் அழுவேன், பார்க்கலாம் என்று நின்றார்கள். நான் அழவில்லை.

"ரெண்டு வருஷமா இந்தச் சட்டையக் காட்டித்தானே என்ன ஏமாத்துன? கழட்டுடா."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"எல்லாரும் பாத்ததுதான். நான்தான் பாக்கல."

உள்ளே போய்க் கழற்றினான். தோளும் கையும் மரம் மாதிரி உரம் ஏறியிருந்தன. இடுப்பு என் கைக்குள் அடங்கும்போல இருந்தது. முதுகில் நடுவாக ஆபரேஷன் தையல் நீளமாக இறங்கியது. மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தேன்.

"இங்க தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"உன் விரலு சில்லுனு இருக்குதுக்கா."

இன்னும் இரண்டு விரற்கடை கீழே வைத்தேன். "இங்க?"

"எங்க?" என்றான்.

விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். "வைக்கா, வச்சிட்டுச் சொல்லு," என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முதுகுப் பக்கம் நின்றிருந்ததால் அவன் பார்க்கவில்லை.

6

செல்விக்குப் பழக்கமான ஒரு டாக்டர் எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் இருக்கிறார். நாங்கள் போயிருந்த சமயம் அங்கேயும் முதுகெலும்புக் காயம் பற்றி டாக்டர்கள் மாநாடு நடந்தது. பிரான்சில் எப்படிச் செய்கிறார்கள் என்று செல்வி அரை மணி பேச வேண்டும் என்று கேட்டார். உங்கள் மாமாவையும் அழைத்துவந்தால் நல்லது, படுக்கைப் புண் இல்லாமல் இவ்வளவு நன்றாக இருப்பவரை டாக்டர்கள் பார்க்கட்டும் என்றார்.

"நான் இன்னா கண்காட்சி மாடா?" என்றான் ஏழுமலை. ஆனால் வந்தான். செல்வி பேசுவதைக் கேட்க அவனுக்கு ஆசை.

குளிரூட்டிய கூடம். டை கட்டிய டாக்டர்கள். மேடையில் எல்லாம் இங்கிலீஷ். திரையில் அவனுடைய எலும்புப் படம் பெரிதாக விழுந்தது. ஒரு டாக்டர் கோலால் தொட்டுத் தொட்டு வெகுநேரம் சொன்னார்.

"அது என் முதுகாக்கா?" என்று என் காதில் கேட்டான்.

"உன்னுதுதான் போலக்கீது."

"இவ்ளோ நேரம் பேசறாரு, என் பேரச் சொல்லவே இல்ல பாரு."

எல்லாம் முடிகிற நேரத்தில் தலைமை வகித்த வயதான டாக்டர் தமிழில் கேட்டார். "ஐயா, நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

நன்றி சொல்லி முடித்துவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மைக்கைக் கையில் வாங்கினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"டாக்டர் ஐயா, நான் நடக்கணும்னு கேக்கல. அது ஆவாதுன்னு எனக்குத் தெரியும். வர்ற வெள்ளிக்கிழமை எங்கக்கா பேத்திக்குக் காது குத்தறாங்க. நான்தான் மடி குடுக்கணும். என் காலு சும்மா சும்மா துள்ளுது. ஒரே ஒரு மணி நேரம், அது ஆடாம இருக்கணும். அதுக்கு எதுனா வழி இருந்தா சொல்லுங்க. இத்தினி டாக்டருங்கள மறுபடி ஒண்ணா நான் எங்க பாக்கப் போறேன்?"

என்னிடம் அவன் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் வேண்டாம் என்பதால் இல்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, தசையை இளக்குகிற மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்க வேண்டும் என்று சொன்னார். அந்த நேரம் போதாது என்று இன்னொருவர் எழுந்தார். காலையில் எழுந்ததும் காலை நன்றாக நீட்டி மடக்கிப் பிடித்துவிட்டால் துள்ளல் குறையும் என்றாள் ஒரு பெண். உடம்பில் எங்கேயும் புண்ணோ, சிறுநீரில் கிருமியோ இருந்தால் அதிகமாகத் துள்ளும், முன்கூட்டியே சோதித்துவிடுங்கள் என்றார் வேறொருவர். பாதத்தை நாற்காலியின் கால்பலகையோடு பட்டை போட்டுக் கட்டலாமா, கட்டினால் அந்த அழுத்தத்திலேயே துள்ளுமா என்று இரண்டு பேர் தர்க்கம் செய்தார்கள். காப்பி ஆறிப்போகிறது என்று வாசலில் ஒருவர் வந்து நின்றார். யாரும் எழவில்லை.

கண்ணாடி போட்ட ஓர் இளம் டாக்டர் கேட்டார். "எதுக்கு சார் ரிஸ்க்? குழந்தையை வேற யாராவது மடியில வச்சுக்கட்டும், மாமா பக்கத்துல இருக்கட்டுமே?"

வயதான டாக்டர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீ எந்த ஊருப்பா?"

"டெல்லியில வளர்ந்தேன் சார்."

"அதான்," என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தான். அந்தப் பையனும் சிரித்துவிட்டு, அப்படியென்றால் முழங்காலுக்கு மேலே அகலமான பட்டை ஒன்று போடலாம், வேட்டிக்கு உள்ளே வெளியில் தெரியாது என்று அவரே ஒரு வழி சொன்னார்.

லியோனில் எத்தனையோ பேசினார்கள். அங்கே மேடையில் அடிபட்டவர்களுக்குத் தனி மைக் இருந்தது. ஆனால் நான் பார்த்த இரண்டு மாநாட்டில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். வெளியே வரும்போது ஒரு டாக்டர் பெண் அஞ்சலையைத் தனியாக அழைத்து, மடியில் உட்காருவதற்குச் சற்று முன்னால் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்துவிடுங்கள், கூட்டத்தில் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினாள்.

7

வெள்ளிக்கிழமை வாசலில் பந்தல் போட்டிருந்தது. செல்வி விடியற்காலையிலேயே மாமாவின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை சொன்ன நேரத்துக்குப் போயிற்று. குழாய் வேலையை அஞ்சலை முடித்தாள். வேட்டிக்குள்ளே பட்டை கட்டினார்கள். சட்டை போடாமல், மேலே துண்டு மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். சீர்த்தட்டுகளை அவன் முறைப்படி முன்னால் வைக்கச் சொன்னான்.

நிலாவுக்குப் பட்டுப் பாவாடை. வேர்வையில் இடுப்பெல்லாம் சிவந்து போயிருந்ததால் உள்ளே மூத்திரத்தை உறிஞ்சுகிற பஞ்சுப்பட்டை வேண்டாம் என்று செல்வி அவிழ்த்துவிட்டாள். குழந்தையை நான்தான் தூக்கி அவன் மடியில் வைத்தேன். அவன் இரண்டு கையாலும் பிடித்த பிடியைப் பார்த்தால் மண்பானையைப் பிடித்திருப்பவன் போல இருந்தது. கண் முழுக்கத் தன் முழங்கால் மேலேயே இருந்தது. செல்வி கீழே மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையாலும் அவன் முழங்காலை அழுத்திக்கொண்டாள்.

"மாமா, மூச்சு விடுங்க," என்றாள்.

"விட்டுக்கினுதாம்மா கீறேன்."

பத்தர் வலது காதில் பொட்டு வைத்தார். ஊசியை எடுத்தார். மேளக்காரரை அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். நிலா ஒரு நொடி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு வீறிட்டாள்.

செல்வியின் கைக்கு அடியில் அவன் கால் நடுங்கியது. அவள் முழு உடம்பையும் போட்டு அழுத்தினாள். நடுங்கியதோடு நின்றது. துள்ளவில்லை. கம்பி காதுக்குள் போய்விட்டது.

"போட்டாச்சு, போட்டாச்சு," என்றார் பத்தர். எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஏழுமலை குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணு, எங்கண்ணு," என்று சிரித்தான். முகம் முழுக்க வேர்வை.

அப்போதுதான் அவன் மடியில் வேட்டி நனைந்து பரவியது.

மற்ற வீடுகளில் என்றால் பந்தலே சிரிக்கும். மாமனுக்கு அபிஷேகம் ஆயிற்று என்று முறைக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்த்தார்கள். அவனுக்குத் தெரியவில்லை. அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"இன்னா, எல்லாரும் ஒரு மாதிரி கீறீங்க?"

அஞ்சலை துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்குத் தெரியாமல் மடியில் போட்டு மூடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் அவன் குனிந்து பார்த்துவிட்டான். சிரிப்பு போய்விட்டது. தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"என்னுதாக்கா?"

"இல்லடா," என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னேன். "உன் பேத்தி உன் மடிய நனைச்சிட்டாடா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்கிறேனா என்று பார்த்தான். பிறகு குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து, அந்த ஈர வேட்டியின் மேல் வைத்தான்.

"சூடாக் கீதுக்கா," என்றான்.

பத்தர் அடுத்த காதுக்கு ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் கையை எடுக்கவில்லை.